12 கட்டம், 7 அடி!

கம்ப்யூட்டர் ஆசாமிகளுக்கு ஒரு வியாதி உண்டு. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று யாராவது சொன்னால், 'எத்தனை கிராம்?' என்று கேட்டு ப்ரோக்ராம் எழுத உட்கார்ந்துவிடுவோம். இந்த வியாதி நன்றாக முற்றிய நிலையில்தான், 2018-ல் எங்கள் கம்பெனி என்னை ஆறு மாத 'ஆன்ஸைட்' என்று இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தது.

ஆபீஸ் லண்டனில். ஜாகை ரெடிங்கில், அக்கா வீட்டில். "வாடகை கீடகைன்னு பேசினே, உதைப்பேன். அதுக்குப் பதிலா இவனுக்கு ஹோம் வொர்க் சொல்லிக் குடு" என்று 14 வயதுப் பிள்ளையை என் பக்கம் தள்ளிவிட்டாள் அக்கா. லண்டன் வாடகையை ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்த எனக்கு, மருமகன் குலதெய்வம் மாதிரி தெரிந்தான்.

கணக்கு, ஃபிஸிக்ஸ் என்று ஏதாவது வரும், வெளுத்துக் கட்டலாம் என்று காத்திருந்தேன். அவன் பையிலிருந்து எடுத்தது ஒரே ஒரு தாள். தலைப்பு: 'பாரம்பரிய ஆப்பிரிக்க மேளம்.'

"என்னடா இது?"

"மியூஸிக் ஹோம் வொர்க், மாமா. ஜி.ஸி.எஸ்.இ-க்கு இருக்கு."

ஜி.ஸி.எஸ்.இ. என்பது நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு அண்ணன் முறை. 16 வயதில் எழுதுகிறார்கள். இஷ்டப்பட்டால் இசையையும் ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம். இவன் ஸ்கூல் எடுத்திருந்தது ஓ.ஸி.ஆர். என்ற தேர்வு வாரியத்தின் பாடத்திட்டம். 2016-ல் வகுப்புகளுக்கு வந்த அதில் 'உலகத்தின் தாளங்கள்' என்று ஒரு பகுதி. நம்முடைய சாஸ்திரிய இசை, பஞ்சாபி பாங்க்ரா, கரீபியன் கலிப்ஸோ, பிரேஸில் ஸாம்பா எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. அதே பந்தியில் ஆப்பிரிக்க மேளத்துக்கும் ஓர் இலை!

எங்கள் ஸ்கூலில் இசை என்றால் காலையில் பிரேயர். அதோடு சரி. டெஸ்க்கில் தாளம் போட்டால் அதற்குப் பெயர் இசையல்ல, 'முட்டி போடு'.

"கடைசிக் கேள்வியைப் பாருங்க, மாமா. 'உங்க குடும்பத்தோட ஊர்ல என்ன மேளம் எல்லாம் உண்டு?' எழுதிட்டு வரணும்."

"மிருதங்கம், தவில், கடம், கஞ்சிரா... எழுதிக்கோ."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' சொல்ல எனக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. அந்த வேகத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தாளில் 12 கட்டங்கள் போட்டு ஒரு வரிசை இருந்தது. 1, 3, 5, 6, 8, 10, 12 ஆகிய கட்டங்களில் மட்டும் ஒரு புள்ளி. மொத்தம் 7 அடி. கானாவிலும் டோகோவிலும் வாழும் எவே மக்கள், காங்கோகுயி என்ற இரட்டை இரும்பு மணியில் இதை வாசிப்பார்களாம். மற்ற மேளங்கள் எல்லாம் இந்த மணியைக் கேட்டுத்தான் தத்தம் இடத்தைப் பிடிக்கும். மணி மட்டும் மாறாது. ஆரம்பித்ததிலிருந்து முடியும்வரை அதே 7 அடிதான்.

அடுத்த பக்கத்தில் ஜெம்பே. மாலி, கினி பக்கத்துச் சரக்கு. கோப்பை வடிவத்தில் ஒரே மரத்தைக் குடைந்து, ஆட்டுத்தோல் போர்த்தி, கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். வெறும் கையால் மூன்று விதமான ஒலி எழுப்பலாம். நடுவில் அடித்தால் கனமான ஒலி. ஓரத்தில் விரல்களைச் சேர்த்து அடித்தால் தெளிவான ஒலி. அதே ஓரத்தில் விரல்களைத் தளர்த்தி அறைந்தால் 'பட்'டென்று ஒரு வெடிப்பு.

மாலி ஒரு மூலை, கானா ஒரு மூலை. ஆப்பிரிக்காவில் 50-க்கு மேற்பட்ட நாடுகள். எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டு 'ஆப்பிரிக்க மேளம்' என்பது, இட்லியையும் ஜப்பான்காரன் சுஷியையும் ஒரே தட்டில் வைத்து 'ஆசியச் சாப்பாடு' என்பது மாதிரிதான். போகட்டும், தட்டிலாவது வைத்தார்களே!

எனக்கு மேளத்தைவிட அந்தக் கட்டங்கள்தான் பிடித்தன. 12 இடம். ஒவ்வொன்றிலும் அடி உண்டு அல்லது இல்லை. ஒன்று அல்லது பூஜ்யம். நம்ம ஏரியா!

"கம்ப்யூட்டர்ல இதை வாசிச்சுக் காட்டட்டுமாடா?"

"ஸ்கூல்லயும் அதான் மாமா பண்றோம். சோனிக் பை!"

நான் கேள்விப்பட்டிராத சமாசாரம். விசாரித்தால், கேம்ப்ரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் துறையில் ஸாம் ஏரன் என்பவர் 2012-ல் உருவாக்க ஆரம்பித்த இலவச ஸாஃப்ட்வேர். அதே வருஷம் வெளிவந்த ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்காகச் செய்தது. ப்ரோக்ராம் எழுதினால் விடையாக நம்பர் வராது, சங்கீதம் வரும். பாட்டு கிளாஸுக்கும் கம்ப்யூட்டர் கிளாஸுக்கும் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அன்று ராத்திரி அதை நோண்டியதில் ஒரு புதையல் கிடைத்தது. '12 கட்டத்தில் 7 அடியை முடிந்தவரை சமமாகப் பரப்பு' என்று ஒரே வரியில் கட்டளை கொடுக்கலாம். அதன் அடியில் இருப்பது, நாம் ஸ்கூலில் மீப்பெரு பொது வகுத்தி கண்டுபிடித்தோமே, அந்த யூக்ளிட் தாத்தாவின் முறை. இதே முறையில் கணக்குப் போட்டால் உலகத்தின் பல பாரம்பரியத் தாளங்கள் தாமாகவே வந்து விழுகின்றன என்று கனடாவில் இருந்த காட்ஃப்ரீட் டூஸன்ட் என்ற கம்ப்யூட்டர் பேராசிரியர் 2005-ல் எழுதியிருக்கிறார். ஆடிப் போய்விட்டேன். 2,300 வருஷத்துக்கு முந்தைய கணக்கும் எவே மக்களின் மணியும் என் லேப்டாப்பில் கைகுலுக்கப் போகின்றன!

மறுநாள் காலை, மருமகனை எழுப்பி உட்கார வைத்து பட்டனைத் தட்டினேன். டிங்... டிங்டிங்... டிங்... ஜோராகத்தான் இருந்தது.

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "மாமா, இது வேற" என்றான்.

"என்ன வேற? 12 கட்டம், 7 அடி. எண்ணிப் பாரு."

"எண்ணிக்கை சரி. ஆனா இது வேற மாதிரி நடக்குது."

தாளோடு ஒப்பிட்டேன். அங்கே 1, 3, 5, 6, 8, 10, 12. என் கம்ப்யூட்டர் போட்டது 1, 3, 4, 6, 8, 9, 11. தலையைப் பிய்த்துக்கொண்டு பார்த்ததில் விஷயம் புரிந்தது. வட்டமாகச் சுற்றி வந்தால் இரண்டும் ஒன்றேதான். என்னுடையதை நாலாவது கட்டத்திலிருந்து தொடங்கினால், அச்சு அசல் அவன் தாளில் இருப்பது வந்துவிடுகிறது. அடி எல்லாம் அதே அடி. ஆரம்பிக்கிற இடம்தான் வேறு. ஆரம்பிக்கிற இடம் மாறினால் பாட்டே மாறிவிடுகிறது.

திருப்பி வைத்தேன். "இப்ப ஓகே மாமா" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போய்விட்டான் பிரகஸ்பதி.

எனக்கு முன்னாலும் இந்த வியாதிக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். ஏ.எம். ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். இன்றைய ஜாம்பியாவில் பல வருஷம் இருந்தவர். ஆப்பிரிக்கத் தாளத்தைக் காதால் கேட்டு எழுதினால் பிசகுகிறது என்று ஒரு மெஷினே கட்டினார். உலோகத் தகட்டில் உலோகப் பென்சிலால் தட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் காகிதத்தில் ஒவ்வொரு தட்டும் புள்ளியாக விழும். லண்டனில் டெஸ்மண்ட் டே என்ற எவே மேளக் கலைஞரைத் தட்டச் சொல்லிப் பதிவு செய்து, 1959-ல் இரண்டு பாகமாகப் புத்தகம் போட்டார். கம்ப்யூட்டர் ஸ்கூலுக்குள் நுழைவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, மேளத்தைக் கட்டத்துக்குள் அடைக்க ஆசைப்பட்ட புண்ணியவான்!

இரண்டு வாரம் கழித்து ஸ்கூலில் ஒரு சாயங்கால நிகழ்ச்சி. பெற்றோரும் வரலாம். அக்காவுக்கு வேலை, நான் போனேன். ஹாலில் வட்டமாக நாற்காலிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஜெம்பே. கானாவிலிருந்து வந்து அங்கே குடியேறிய மேளக்காரர் ஒருவரை வரவழைத்திருந்தார்கள். எவே இனத்தவர். அறுபது வயதிருக்கும். பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். மியூஸிக் மிஸ் அவருக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறார். தலைமை ஆசிரியர் தன் கையாலேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார்.

அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது எனக்கு உள்ளே ஏதோ இடறியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை.

பெற்றோர்களில் நான்கு பேரைப் பிடித்து உள்ளே இழுத்தார் மேளக்காரர். என் கையில் மணி. 'ஆஹா, ப்ரோக்ராமே எழுதியவனிடம் மணியா!' என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஸார், பத்து விநாடி தாங்கவில்லை!

ஜெம்பேக்கள் ஒரு பக்கம் 12-ஐ நாலு மூன்றாகப் பிரித்து வாசிக்கின்றன. பெரிய மேளம் அதே 12-ஐ மூன்று நாலாகப் பிரிக்கிறது. வாய்ப்பாட்டில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டும் காதில் விழுந்தால், இரண்டு மாடு இரண்டு திசையில் இழுக்கிற வண்டியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. நான் மனசுக்குள் 'ஒன், டூ, த்ரீ' என்று எண்ணுகிறேன். ஐந்துக்கு வருவதற்குள் அவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். மணி தடுமாறியதும் ஜெம்பே தடுமாறியது. முப்பது பேரும் நின்றுவிட்டார்கள். மருமகன் தரையைப் பார்த்தான்.

மேளக்காரர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். எண்ண வேண்டாம் என்றார். முதலில் வாயால் சொல்லச் சொன்னார். மணியின் ஓசையையே சொல்லாக்கி அவர் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். நாலைந்து தடவை. பிறகு சொல்லிக்கொண்டே தட்டச் சொன்னார். கேட்டால், பல ஊர்களில் மேளம் இப்படித்தான் வாயிலிருந்து கைக்குப் போகிறதாம். அமெரிக்காவில் பெயர் வாங்கிய நைஜீரியாக்காரர் பாபாதுண்டே ஒலாதுன்ஜி, கைமேளத்தை 'குன், டுன், கோ, டோ, பா, டா' என்று ஆறே சொல்லில் சொல்லிக் கொடுத்தவர். நம்ம 'தகதிமி'க்குப் பங்காளி!

இந்தத் தடவை மணி நின்றது. அதாவது, நிலைத்து நின்றது. ஜெம்பே ஏறிக்கொண்டது. பெரிய மேளக்காரர் ஒரு அறை அறைந்து சைகை கொடுக்க, பிள்ளைகள் ஒரே வீச்சில் பதில் கொடுத்தார்கள். எனக்கு எண்ணிக்கை மறந்துவிட்டது. கால் தானாக ஆடியது. அப்போதுதான் பார்த்தேன். குச்சி இல்லாத என் இடது கை மார்புக்குப் பக்கத்தில் வந்து, இல்லாத ஒரு மேளத்தின் விளிம்பை அணைத்துப் பிடித்திருந்தது.

அந்தப் பிடி எனக்கு 19 வருஷத்துக்கு முன்னால் ஒருவன் சொல்லிக் கொடுத்தது.

1999. நான் எட்டாம் வகுப்பு. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். என் பெஞ்சுத் தோழன் ஒருவன். (பெயர் எழுத அவனிடம் அனுமதி கேட்கவில்லை.) அவன் அப்பா பறை அடிப்பார். ஸ்கூல் விட்டதும் வாய்க்கால் கரைக்குப் போவோம். வைக்கோலைக் கொளுத்தி, பறையைச் சூடு காட்டித் தோலை முறுக்கேற்றுவான். ஒரு கையில் மெல்லிய நீளக் குச்சி, மறு கையில் தடித்த குட்டைக் குச்சி. முதல் பாடம் குச்சியில் இல்லை. "மொதல்ல வாயால சொல்லுடா" என்பான். டண்டணக்கு, டண்டணக்கு என்று இருவரும் கத்துவோம். அதன் பிறகுதான் குச்சியைத் தருவான்.

ஒரு மாசம் ஓடியது. யாரோ என் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அன்று அப்பா பெல்ட்டை எடுத்ததோ, "எந்தக் கையால அந்தக் குச்சியைத் தொட்டே?" என்று கேட்டதோ எனக்குப் பெரிசாக வலிக்கவில்லை. மறுநாள் வகுப்பில் என் இடம் மாறியிருந்தது. யார் சொல்லி மாறியது என்று நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. அந்த வருஷம் முழுக்க முதுகைப் பார்த்துக்கொண்டே படித்தோம்.

'அவ்ளோதான்' என்று மருமகனிடம் ஒரு விநாடிகூட யோசிக்காமல் சொன்னேனே, அது அப்பாவின் பெல்ட் சொல்லவில்லை. நானே சொன்னது. அப்போது எனக்கு வயது 32. இது பூராவும் என் சொந்த ப்ரோக்ராம்.

அன்று ராத்திரி சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டே மருமகனிடம் சொன்னேன்.

"நான் குடுத்த லிஸ்ட்ல ஒண்ணு விட்டுட்டேன்டா. பறை."

"ஏன் விட்டீங்க?"

சொன்னேன். வாய்க்கால், குச்சி, பெல்ட், மாறின இடம், எல்லாம். ஜாதி என்பதை அவனுக்குப் புரிய வைக்கப் பட்ட பாட்டுக்கு முன்னால், யூக்ளிட் எல்லாம் ஜுஜுபி. அவன் எழுந்துபோய் அந்தத் தாளைக் கொண்டுவந்தான். கானாவில் அகான் மக்களிடம் அட்டும்பான் என்று ஜோடி மேளம் இருக்கிறது, ஒன்று உச்ச ஸ்தாயி, ஒன்று கீழ் ஸ்தாயி. அவர்கள் பேசும் ட்வி மொழியில் குரல் ஏறி இறங்குவதை வைத்தே அர்த்தம் மாறும். அதனால் மேளத்தின் ஏற்ற இறக்கத்திலேயே செய்தி சொல்லிவிடலாம். அதை வாசிக்கிறவருக்குத் தலைவரின் சபையில் தனி மரியாதை. இப்படிப் போட்டிருந்தது.

"நம்மகிட்டயும் பேசற ட்ரம் இருக்குதா, மாமா?"

"பேரே அதுதாண்டா. பறைதல்னா சொல்லுதல். மலையாளத்துல இன்னிக்கும் 'பேசு'ங்கறதுக்கு அதான் வார்த்தை."

அவன் பேனாவை எடுத்து, கஞ்சிராவுக்குக் கீழே 'பறை' என்று எழுதினான். பிறகு கேட்டான். "அந்த ஃப்ரெண்ட் இப்ப எங்க இருக்கார்?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஊர் வாட்ஸப் குரூப்பில் நாலு பேரைப் பிடித்து நம்பர் வாங்கினேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். நம்மைப் போலவே மாசக் கடைசி ஆசாமி. இரண்டு நாள் யோசித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன்.

"சொல்லுங்க... நல்லா இருக்கீங்களா?" என்றான்.

'நீங்க!' வாய்க்கால் கரையில் 'டா' போட்டவன்.

சுற்றி வளைத்து, மருமகன் ஸ்கூலில் இந்த மாதிரி மேளப் பாடம், பறை வாசித்து ஒரு ரெகார்டிங் அனுப்பினால் வகுப்பில் போட்டுக் காட்டுவான் என்றேன். போனில் சத்தமே இல்லை.

"நான் அடிக்கிறதில்லீங்க" என்றான் கடைசியில். "நான் ஒம்பதாவது படிக்கறப்பவே அப்பா பறையைக் கீழ வெச்சுட்டாரு. சாவு வீட்டுக்குக் கூப்பிடுவாங்க, வெளியிலயே நிக்க வெச்சுக் காசை வீசுவாங்க. 'நீ இதைத் தொடவே கூடாது, படிச்சு ஆபீஸ்ல உக்காரணும்'னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. அதான் உக்காந்திருக்கேன்."

என் அப்பாவும் தொடாதே என்றார். அவன் அப்பாவும் தொடாதே என்றார். வார்த்தை ஒன்றுதான். ஆரம்பித்த இடம் வேறு.

மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். எதற்கென்று கேட்பது? பெல்ட் அடி வாங்கியவன் நான்தான். ஆனால் இடம் மாறிய பிறகு ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருக்கலாம் அல்லவா? "அந்த வருஷம் நான் திரும்பியே பார்க்கல" என்று மட்டும் சொன்னேன்.

"நான் பார்த்தேங்க. உங்க முதுகைத்தான்" என்று சிரித்தான். பிறகு அவனே கேட்டான். "அங்க வெள்ளைக்காரப் புள்ளைங்களும் மேளம் அடிக்குதுங்களா?"

"எல்லாரும்தான்."

"அந்த மேளக்காரரை எங்க உக்கார வெச்சாங்க?"

"நடுவுல. ஹெட்மாஸ்டரே தண்ணி கொண்டாந்து குடுத்தாரு."

மறுபடி சத்தமில்லை. எங்கேயோ பின்னால் ஒரு குழந்தை அழுதது. கதவு சாத்தும் ஓசை கேட்டது.

"வீட்ல யாரும் திட்டலையா, அந்தப் புள்ளைங்களை?"

"இல்லடா. மார்க் போட்டாங்க."

ஒரு விநாடி. அப்புறம் வாய்க்கால் கரையில் கேட்ட அதே சிரிப்பு.

"எவ்ளோ மார்க்டா?"